ஈசிஜி நார்மல் என்றால் இதயம் நார்மலா?

“ஈசிஜி எடுத்துப் பார்த்தாச்சு, எல்லாம் நார்மல்.” இதய நோய் பற்றிப் பேச்சு வந்தால் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. சொல்பவர் முகத்தில் நிம்மதி தெரியும். அதைக் கெடுப்பதில் எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் அந்த நிம்மதிக்கு ஈசிஜி போதுமான ஆதாரம் ஆகாது. படுத்த நிலையில் எடுக்கும் ஈசிஜி, அந்தச் சில விநாடிகளில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருந்தது என்பதைக் காகிதத்தில் வரைந்து தருகிறது. துடிப்பு சீராக இருக்கிறதா, பழைய மாரடைப்பின் தடம் தெரிகிறதா, இப்போது மாரடைப்பு நடந்துகொண்டிருக்கிறதா என்பதையெல்லாம் அதை வைத்து நன்றாகவே ஆராயலாம். இன்னும் பத்து வருடத்தில் மாரடைப்பு வருமா என்று கேட்டால், அதனிடம் பதில் கிடையாது. நடந்தால் நெஞ்சு வலிக்கும் அளவுக்கு அடைப்பு உள்ளவர்களிலேயே ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, ஓய்வில் எடுத்த ஈசிஜி இயல்பாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேள்வி என்னவென்று தெரியாமல் பதிலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் வீண் பயமும் வரும், வீண் தைரியமும் வரும். இதய நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க நினைக்கும் ஒருவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்தப் பரிசோதனை எந்தக் கேள்விக்கானது என்பதைத்தான்.

நோய் தொடங்குவது எப்போது?

1950களின் தொடக்கத்தில் கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்கள் 300 பேரின் இதயங்களை மருத்துவர்கள் பிரேதப் பரிசோதனையில் ஆராய்ந்தார்கள். அவர்களின் சராசரி வயது 22. ஓடியாடிக்கொண்டிருந்த, உடல்தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்கள். 1953இல் வெளியான அந்த ஆய்வு மருத்துவ உலகத்தை உலுக்கியது. நூற்றுக்கு 77 பேருக்கு, இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கொரோனரி தமனிகளில் நோயின் அடையாளம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அதுவரை முதுமையின் நோய் என்று கருதப்பட்ட ஒன்று, இருபது வயதிலேயே சத்தமில்லாமல் தொடங்கிவிடுகிறது என்பது அப்போது தெளிவானது.

பல பத்தாண்டுகள் கழித்து, 2001 முதல் 2011 வரை இறந்த அமெரிக்கப் படையினரிடம் இதே மாதிரி ஒரு ஆய்வு நடந்தது. அதில் இந்த அளவு நூற்றுக்கு எட்டு, ஒன்பது பேராகக் குறைந்திருந்தது. புகைப்பழக்கம் குறைந்தது, ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் கட்டுக்குள் வந்தது ஆகியவை இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு நம்பிக்கைதான் வருகிறது. இந்த நோய் சீக்கிரம் தொடங்குகிறது, ஆனால் தொடங்கியே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

உள்ளே நடப்பதைப் பலர் தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவது போலக் கற்பனை செய்கிறார்கள். அந்தக் கற்பனை பாதிதான் சரி. படிவு ரத்தம் ஓடும் பாதையின் மேற்பரப்பில் ஒட்டுவதில்லை. தமனியின் சுவருக்குள்ளே போய்த் தங்குகிறது. எல்டிஎல் எனப்படும் கொலஸ்ட்ரால் துகள்கள் சுவரின் உட்படலத்தைத் தாண்டி உள்ளே சிக்கிக்கொள்கின்றன. அவற்றைச் சுத்தம் செய்ய வெள்ளையணுக்கள் வருகின்றன, கொழுப்பை விழுங்குகின்றன, அங்கேயே மடிகின்றன. அழற்சி தொடர்கிறது. அந்த இடம் மெல்லத் தடிக்கிறது. அதன் மேல் ஒரு நார் மூடி உருவாகிறது. காலப்போக்கில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், அதில் படிகிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. சுவர் தடிக்கும்போது தமனி முதலில் வெளிப்பக்கமாக விரிந்து கொடுக்கும். அதனால் ரத்தம் போகும் வழி பல வருடங்களுக்குக் குறையவே குறையாது. வழி குறையாததால் வலி இல்லை, மூச்சு வாங்கல் இல்லை, ஈசிஜியில் மாற்றம் இல்லை. பிறகு ஒரு நாள் அந்த மெல்லிய மூடி கிழிகிறது. உள்ளே இருக்கும் கொழுப்பு ரத்தத்தைத் தொட்டதும், காயம் பட்டது போல ரத்தம் அங்கே உறைகிறது. அந்த உறைவு சில நிமிடங்களில் தமனியை அடைத்துவிடலாம். நேற்று வரை பாதி வழியைக்கூட மறைக்காத ஒரு படிவு இன்று மாரடைப்பைக் கொண்டுவருவது இப்படித்தான். போன வாரம் எல்லாச் சோதனையும் நன்றாக இருந்தவருக்கு எப்படி மாரடைப்பு வந்தது என்று ஊரே வியக்கும் சம்பவங்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

அறிகுறி இருந்தால் பாதை வேறு

மேலே போவதற்கு முன் ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டிய பரிசோதனை என்பது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கானது. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வந்து நின்றால் குறைகிறது, வழக்கமாக ஏறும் படிகளுக்குத் திடீரென்று மூச்சு வாங்குகிறது, மயக்கம் வருகிறது என்றால் அவர் இந்தக் கட்டுரையில் சொல்லும் வரிசைப்படி போகக்கூடாது. அவருக்குத் தேவை நோயறிதல். தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு அழுத்தம் சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால், அது தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவினால், குளிர்ந்த வியர்வை கொட்டினால், உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். பெண்கள், வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறல், குமட்டல், விளங்காத களைப்பு என்றும் வரலாம். வாயுத் தொல்லை என்று நாமே முடிவு கட்டிக்கொள்வதில் இழக்கும் நேரம், இதயத் தசையின் இழப்பு.

முதலில் செய்ய வேண்டியவை

தொந்தரவு எதுவும் இல்லாத ஒருவருடைய எதிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்லும் தகவல்கள் பெரிய இயந்திரங்களிலிருந்து வருவதில்லை. ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை, புகைப்பழக்கம், வயது, குடும்ப வரலாறு ஆகிய ஆறும்தான் அடித்தளம். 1948இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரை வைத்துத் தொடங்கிய ஆய்வுதான் இதற்கெல்லாம் தாய். அந்த ஊர்க்காரர்களைப் பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து, யாருக்கு மாரடைப்பு வந்தது, அவர்களுக்கு அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று கணக்கெடுத்தார்கள். பிரஷரும் கொலஸ்ட்ராலும் இன்று நமக்கு வீட்டு வார்த்தைகளாக இருப்பதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

ரத்த அழுத்தத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். இது எளிய சோதனை என்பதாலேயே மிகவும் அலட்சியமாக எடுக்கப்படுகிறது. அவசரமாக வந்து, மூச்சிரைக்க உட்கார்ந்து, சட்டைக்கை மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே எடுத்த அளவை வைத்து ஒரு முடிவுக்கு வருவது சரியில்லை. எடுப்பதற்கு அரை மணி நேரத்துக்குள் காபியோ புகையோ கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் படிய, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை மேசை மேல், இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். பட்டை வெறும் தோலில், கையின் பருமனுக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். எடுக்கும்போது பேசக்கூடாது, பேசினாலே மேல் எண் பத்துப் புள்ளி வரை ஏறலாம். ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

மருத்துவமனையில் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்று பெரும்பாலான நாடுகளின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2017 முதல் 130/80ஐயே எல்லையாக வைத்திருக்கின்றன. வெள்ளை அங்கியைப் பார்த்ததும் சிலருக்கு அளவு ஏறும். இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு: மருத்துவரிடம் இயல்பாகவும் வீட்டில் உயர்வாகவும் காட்டும். இரண்டாவது வகை ஆபத்தானது, ஏனென்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதனால்தான் மேல்கையில் கட்டும் கருவியால் வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதிவைத்த ஒரு தாளை, மருத்துவமனையில் ஒரே ஒரு முறை எடுத்த அளவைவிட நான் அதிகம் நம்புவேன். வீட்டில் 135/85 என்பது மருத்துவமனையின் 140/90க்குச் சமம்.

அடுத்து கொலஸ்ட்ரால். அறிக்கையில் பல எண்கள் இருக்கும். மொத்தக் கொலஸ்ட்ராலைப் பார்த்துவிட்டு மடித்து வைப்பது பலருடைய வழக்கம். ஆனால் சுவருக்குள் போய்ச் சிக்குவது எல்டிஎல்லும் அதன் உறவுக்காரத் துகள்களும்தான். இவை அனைத்தையும் ஒரே எண்ணில் பார்க்க ஒரு சுலபமான கழித்தல் இருக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து, நல்ல கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எச்டிஎல்லைக் கழியுங்கள். மொத்தம் 230, எச்டிஎல் 38 என்றால் மீதி 192. எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால் என்று இதைச் சொல்வார்கள். ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு அதிகம் உள்ளவர்களுக்கு எல்டிஎல்லை மட்டும் பார்ப்பதைவிட இது நல்ல வழிகாட்டி. அதே 230இல் எச்டிஎல் 75 இருந்தால் மீதி 155தான். மொத்தம் ஒன்றாக இருந்தும் இருவரின் நிலைமை ஒன்றல்ல. இந்தச் சோதனைக்குப் பெரும்பாலும் வெறும் வயிறு தேவையில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டிரைகிளிசரைடு மிக அதிகமாக வந்தால் மட்டும் மறுபடி வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்வார்கள்.

எல்டிஎல் ஒரு டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கதையே வேறு. அது பரம்பரையாக வரும் உயர் கொலஸ்ட்ராலாக இருக்கலாம். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இந்த மரபணுக் குறைபாடு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. பிறந்த நாள் முதலே தமனிகள் அதிகக் கொலஸ்ட்ராலில் ஊறுவதால், நாற்பது வயதுக்காரரின் தமனிக்கு அறுபது வயது ஆகியிருக்கும். சிலருக்குக் குதிகால் நரம்பு எனப்படும் தசைநாண் தடித்திருக்கும். நாற்பத்தைந்து வயதுக்குள்ளேயே கருவிழியைச் சுற்றி வெளிர் வளையம் தெரியும். இமையோரத்தில் மஞ்சள் திட்டுகள் இருந்தாலும் ஒரு முறை கொலஸ்ட்ரால் பார்த்துக்கொள்வது நல்லது.

லிப்போபுரோட்டீன் ஏ என்று, எல்டிஎல் போன்ற இன்னொரு கொலஸ்ட்ரால் துகள் இருக்கிறது. 1963இல் நார்வே விஞ்ஞானி கோரெ பெர்க் கண்டுபிடித்தது. இதன் அளவை நம் மரபணுக்கள்தான் தீர்மானிக்கின்றன. உணவையோ உடற்பயிற்சியையோ மாற்றினால் பெரிதாக மாறாது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது அதிகம். வாழ்நாளில் ஒரே ஒரு முறை பார்த்தால் போதும் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2019இல் பரிந்துரைத்தது. வழக்கமான கொலஸ்ட்ரால் அறிக்கையில் இது வராது, கேட்டுத்தான் செய்ய வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் குடும்பத்தில் இளவயது மாரடைப்பு தொடர்கிறது என்றால் இதைக் கேட்டுப் பார்ப்பது மிகவும் அவசியம் என்பது என் எண்ணம்.

சர்க்கரையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7க்குக் கீழ் இயல்பு, 6.5 முதல் சர்க்கரை நோய், நடுவில் இருப்பது எச்சரிக்கைக் கட்டம். சர்க்கரை உள்ளவர்கள் சிறுநீரில் அல்புமின் புரதம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதாவது, உடலின் மற்ற குழாய்களும் பாதிக்கப்படுவதற்கான அடையாளம்.

பரிசோதனைக்கூடம் கேட்காத கேள்விகள்

ரத்தத்தில் தெரியாத சில விஷயங்கள் பேச்சில்தான் வெளிவரும். அப்பாவுக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ உடன்பிறந்த பெண்ணுக்கோ 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அது கணக்கில் சேரும். தாத்தா எண்பது வயதில் இதயம் நின்று இறந்தார் என்பது சேராது. எத்தனை வயதில் என்பதுதான் முக்கியம். பல குடும்பங்களில் அதைச் சரியாகக் கேட்டு வைத்திருப்பதில்லை.

பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் பெரும்பாலும் கேட்கப்படாமலே போகின்றன. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறிச் சிக்கலானதா? கர்ப்பகாலச் சர்க்கரை இருந்ததா? குறைமாதத்தில் பிரசவம் ஆனதா? நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிட்டதா? இவை ஒவ்வொன்றும் பிற்கால இதய நோய் அபாயத்தைக் கூட்டும் என்பது உறுதியாகியிருக்கிறது. பிரசவம் முடிந்து பிரஷர் இறங்கியதும் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள். இருபது வருடம் கழித்து மருத்துவரிடம் போகும்போது அந்தப் பெண்ணே அதைச் சொல்ல மாட்டார், சம்பந்தம் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆண்களுக்கும் ஒன்று இருக்கிறது, வெட்கத்தால் சொல்லப்படாமல் போவது. விறைப்புக் குறைபாடு சிலருக்கு ரத்தக் குழாய் நோயின் முதல் அடையாளமாக இருக்கும். அந்தத் தமனிகள் இதயத் தமனிகளைவிட மெல்லியவை, அதனால் பாதிப்பு அங்கே சில வருடங்கள் முன்னதாகவே தெரிந்துவிடலாம். மருந்துக் கடையோடு அதை முடித்துக்கொள்ளாமல், பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் போன்ற நாள்பட்ட அழற்சி நோய்களும், தெற்காசிய மரபும்கூட அபாயத்தைக் கூட்டுபவையாக 2018 அமெரிக்க வழிகாட்டுதலில் இடம்பெற்றிருக்கின்றன. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்பில் ஏறத்தாழ 90 சதவீதத்தைப் புகை, கொலஸ்ட்ரால், பிரஷர், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், உணவு, உடலுழைப்பு, மது ஆகிய ஒன்பது விஷயங்களைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று காட்டியது. ஒன்பதுமே முன்கூட்டியே தெரிந்துகொள்ளக்கூடியவை.

எண்களைச் சேர்த்துப் பார்ப்பது

இந்தத் தகவல்கள் தனித்தனியாக இருக்கும்போது ஏமாற்றும். பிரஷர் கொஞ்சம்தான் அதிகம், கொலஸ்ட்ரால் கொஞ்சம்தான் அதிகம், சர்க்கரை எல்லையில்தான் இருக்கிறது, சிகரெட் எப்போதாவதுதான். நான்கு கொஞ்சங்கள் ஒன்று சேரும்போது அபாயம், ஒரே ஒரு எண் மட்டும் மோசமாக இருப்பவரைவிட அதிகமாகிவிடலாம். இதற்காகத்தான் அபாயக் கணிப்பான்கள் இருக்கின்றன. வயது, பாலினம், பிரஷர், கொலஸ்ட்ரால், சர்க்கரை, புகை ஆகியவற்றைக் கொடுத்தால், இன்னும் பத்து வருடத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வருவதற்கான வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று சொல்லும். உலக சுகாதார நிறுவனம் உலகின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி அட்டவணைகள் வைத்திருக்கிறது. 2018 அமெரிக்க வழிகாட்டுதல் 5 சதவீதத்துக்குக் கீழ் குறைவு, 5 முதல் 7.5 வரை எல்லைக்கோடு, 7.5 முதல் 20 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று பிரித்தது.

இந்தச் சதவீதம் ஒரு கூட்டத்தைப் பற்றியது. 10 சதவீதம் என்றால், உங்களைப் போன்ற எண்கள் உள்ள நூறு பேரில் பத்து பேருக்குப் பத்து வருடத்தில் வரலாம் என்று பொருள். அந்தப் பத்தில் நீங்கள் இருக்கிறீர்களா என்று அது சொல்லாது. இளவயதினருக்கு இன்னொரு சிக்கல். 35 வயதுக்காரர் எவ்வளவு புகைத்தாலும், வயது குறைவாக இருப்பதால் பத்து வருட அபாயம் சிறியதாகவே காட்டும். அவர் பார்க்க வேண்டியது வாழ்நாள் அபாயத்தை.

கால்சியம் ஸ்கோர்

நடுத்தர அபாயம் என்று வந்து, மருந்து தொடங்குவதா வேண்டாமா என்று மருத்துவரும் நோயாளியும் யோசிக்கிறார்கள் என்று வையுங்கள். அங்கேதான் கொரோனரி கால்சியம் ஸ்கோர் நன்றாக உதவும். ஊசி கிடையாது, சாயம் கிடையாது. சிடி ஸ்கேனில் படுத்துச் சில விநாடிகள் மூச்சைப் பிடித்தால் போதும். கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவர்ட், அதாவது இயற்கையில் நமக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் அளவைவிடக் குறைவு. தமனிச் சுவரில் உள்ள ஒவ்வொரு சுண்ணாம்புப் புள்ளியின் பரப்பையும் அடர்த்தியையும் பெருக்கிக் கூட்டி ஒரு எண் தருவார்கள். 1990இல் இந்த முறையை வெளியிட்ட ஆர்தர் அகாட்ஸ்டன் பெயரால்தான் அந்த எண் அழைக்கப்படுகிறது.

பூஜ்யம் வந்தால், அடுத்த சில வருடங்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு மிகக் குறைவு. 1 முதல் 99 வரை இருந்தால் நோய் தொடங்கியிருக்கிறது. 100ஐத் தாண்டினால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பற்றி மருத்துவர் உறுதியாகப் பேசுவார். 300, 400 என்று போனால் படிவு நிறைய இருக்கிறது. ஆனால் பூஜ்யத்தை அளவுக்கு மீறி நம்பக்கூடாது. கால்சியம் படிவது தாமதமாக நடக்கும் விஷயம். இளவயதில் கால்சியம் இல்லாத மென்மையான படிவு இருக்கலாம், அதை இந்த ஸ்கேன் பார்க்காது. புகைப்பவர்களும், சர்க்கரை உள்ளவர்களும், குடும்ப வரலாறு வலுவாக உள்ளவர்களும் பூஜ்யத்தைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடாது. ஸ்டாட்டின் சாப்பிடத் தொடங்கிய பிறகு மறுபடி எடுத்தால் எண் கூடியிருக்கவும் வாய்ப்பு உண்டு. மருந்து மென்மையான படிவைக் கெட்டிப்படுத்தி, கிழியாமல் காப்பதால் அப்படி நேர்கிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்துவிடக்கூடாது.

டிரெட்மில் சோதனையின் கணக்கு

முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் டிரெட்மில் சோதனை பெரும்பாலும் இடம்பிடித்துவிடுகிறது. ராபர்ட் புரூஸ் 1963இல் வகுத்த முறைப்படி மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூடும். கூடவே ஈசிஜி ஓடும். உழைப்புக்கு ஏற்ற ரத்தம் இதயத்துக்குப் போகிறதா என்பதே இதன் கேள்வி. வழி கணிசமாகக் குறுகியிருந்தால்தான் இதில் தெரியும். கிழியக் காத்திருக்கும் சிறிய படிவு தெரியாது.

அதைவிட முக்கியமான சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. தொந்தரவு இல்லாத 1,000 பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 30 பேருக்கு உண்மையில் கணிசமான அடைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சோதனை நோய் உள்ள நூறு பேரில் 70 பேரைக் கண்டுபிடிக்கும், நோய் இல்லாத நூறு பேரில் 20 பேருக்குத் தவறாக மணி அடிக்கும் என்று கொள்வோம். ஆய்வுகளில் வரும் அளவுகளும் ஏறத்தாழ இதை ஒட்டியவைதான். அப்படியானால் 30 பேரில் 21 பேர் பிடிபடுவார்கள். 9 பேர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். நோயில்லாத 970 பேரில் 194 பேருக்குப் பாசிட்டிவ் வரும். மொத்தம் 215 பாசிட்டிவ். அதில் உண்மையானவை 21. பத்தில் ஒன்பது பேர் காரணமில்லாமல் தூக்கம் இழப்பார்கள். சிலர், தமனிக்குள் குழாய் விட்டுச் சாயம் செலுத்திப் பார்க்கும் ஆஞ்சியோ வரை போவார்கள். அதே சோதனையை நெஞ்சுவலி உள்ள 1,000 பேரிடம் செய்தால், உண்மையில் நோயுள்ளவர்கள் அதிகம் என்பதால் பாசிட்டிவ் என்ற சொல்லுக்கு மதிப்பும் அதிகம். சோதனை மாறவில்லை, செய்துகொள்பவர்தான் மாறியிருக்கிறார். இந்தக் கணக்குப் புரிந்துவிட்டால், யாருக்கு எந்தச் சோதனை என்று மருத்துவர்கள் ஏன் அவ்வளவு யோசிக்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும். இதே காரணத்தால்தான், அபாயம் குறைந்தவர்களுக்கு ஈசிஜியை முன்பரிசோதனையாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2018இல் சொன்னது.

எக்கோ இதயத்தின் அறைகள், வால்வுகள், பம்ப் செய்யும் திறன் ஆகியவற்றைக் காட்டும் அல்ட்ராசவுண்ட். அது தமனிகளின் உட்புறத்தைக் காட்டாது. சாயம் ஏற்றிச் செய்யும் சிடி ஆஞ்சியோகிராம் தமனிகளைத் தெளிவாகக் காட்டும். நெஞ்சுவலி உள்ளவர்களை ஆராய அது மிக நல்ல கருவி. தொந்தரவே இல்லாதவர்கள் வரிசையில் நின்று எடுத்துக்கொள்வதற்கானது அல்ல.

கண்டுபிடித்துவிட்டால் போதுமா?

அடைப்பைக் கண்டுபிடித்து, தமனியைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் ஒன்றை வைத்துவிட்டால் மாரடைப்பு வராது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஸ்டென்ட் உயிர் காக்கும், அதில் சந்தேகமே இல்லை. நிலையாக இருக்கும் அடைப்புகளில் கதை அப்படி இல்லை. 5,179 பேரை வைத்து நடத்தி 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், முதலிலேயே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்தவர்களுக்கும், நல்ல மருந்துகளோடு தொடங்கியவர்களுக்கும் மரணத்திலோ மாரடைப்பிலோ மொத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. வலி குறைவதில்தான் பலன் தெரிந்தது. ஸ்டென்ட் ஒரு இடத்தைத் திறக்கிறது. நோய் தமனி முழுக்கப் பரவிக் கிடக்கிறது.

பரிசோதனை மட்டும் போதாது என்பதற்கு டென்மார்க்கில் நல்ல பாடம் கிடைத்தது. இன்டர்99 என்ற ஆய்வில் ஏறத்தாழ 60,000 பேர் கொண்ட மக்கள்தொகையில் ஒரு பகுதியினரை அழைத்து அபாயம் கணித்து, வாழ்க்கைமுறை ஆலோசனையும் கொடுத்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, அழைக்கப்பட்ட குழுவிலும் அழைக்கப்படாத குழுவிலும் இதய நோய் ஒரே அளவில்தான் இருந்தது. இதைப் படித்துவிட்டுப் பரிசோதனையே வீண் என்று முடிவு கட்டுபவர்களோடு நான் உடன்படவில்லை. பிரஷரைக் குறைத்தால், எல்டிஎல்லைக் குறைத்தால் மாரடைப்பு குறைகிறது என்பதற்கு ஏராளமான ஆதாரம் இருக்கிறது. ஊரையே அழைத்துச் சோதித்து அறிவுரை சொல்லி அனுப்புவதற்கும், அந்த எண்கள் உண்மையில் இறங்குவதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க மருந்து, பின்தொடர்தல், புகையை விட உதவி எல்லாம் வேண்டும்.

எப்போது, எவ்வளவு இடைவெளியில்?

பதினெட்டு வயது தாண்டியவர்கள் மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். நாற்பதுக்கு மேல் வருடம் ஒரு முறை. கொலஸ்ட்ரால் இருபது வயதிலிருந்து நான்கு முதல் ஆறு வருடத்துக்கு ஒரு முறை. சர்க்கரை 35 வயதிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒரு முறை. இவை அமெரிக்க அமைப்புகளின் பரிந்துரைகள். நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். குடும்ப வரலாறோ, உடல் பருமனோ, ஏற்கெனவே எல்லையில் உள்ள எண்ணோ இருந்தால் இன்னும் சீக்கிரம், இன்னும் அடிக்கடி. மணிக்கட்டு நாடியை ஒரு நிமிடம் தொட்டுப் பார்ப்பதும் பயனுள்ள பழக்கம். துடிப்பு ஒழுங்கில்லாமல் தாறுமாறாக இருந்தால், அது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம், பக்கவாதத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்த நேரத்தில் எடுக்கும் ஈசிஜி மிகவும் பயன் உள்ளது.

அறிக்கையோடு மருத்துவரிடம் போகும்போது, எல்லாம் நார்மலா என்று கேட்காமல், என் பத்து வருட அபாயம் எவ்வளவு, அதில் எந்த எண்ணை இறக்கினால் அதிகப் பலன் கிடைக்கும் என்று கேளுங்கள். புதிதாக ஒரு சோதனை எழுதிக் கொடுத்தால், இதன் முடிவு எப்படி வந்தால் என் சிகிச்சை மாறும் என்று கேளுங்கள். எப்படி வந்தாலும் எதுவும் மாறாது என்றால் அந்தச் சோதனை இப்போதைக்கு வேண்டாம். ஸ்டாட்டின் தொடங்கினால் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் எல்டிஎல்லை மறுபடி பார்த்து, இறங்கியிருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். ஒருவருக்குப் பரம்பரைக் கொலஸ்ட்ராலோ, லிப்போபுரோட்டீன் ஏ உயர்வோ தெரியவந்தால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும். பரம்பரைக் கொலஸ்ட்ராலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது, பத்து வயதிலேயே ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் அதைக் கண்டுபிடித்துவிடலாம்.